மூச்சு வாங்குதல்

புனோ பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு
நூற்றுப் பன்னிரண்டு படிகள்.
ருஃபினோ நான்கு இடங்களில் நின்று
மூச்சு வாங்கினான்.
ஐந்தாவது இடம் மருந்துக்கடை.
அங்கே நிஜமாகவே வாங்கிவிட்டான்:
அட்டைப்பெட்டியில் ஆறு புட்டிகள்.

நீலப் புட்டி. அதன்மேல் ஒரு பனிமலை,
மலையேறும் ஒருத்தி, அவளுக்கு வியர்க்கவே இல்லை.
ஏழு மடங்கு ஆக்சிஜன் என்கிறது.
தலைவலி போகும், தூக்கம் வரும்,
ரத்தம் சுத்தமாகும், கால் சோராது,
வயிற்றிலிருந்து நேரே நுரையீரலுக்கு
ஓர் அம்புக்குறி வேறு.
அம்புக்குறி போடுகிறவனுக்கு
உடம்பைப் பற்றித் தெரியவேண்டியதில்லை.

ஒரு புட்டி பதினெட்டு சோல்.
மீன்தீவனமாக வாங்கினால் மூன்று கிலோ.

பதினேழு வருஷம் ரின்கோனாடாவின் தங்கச் சுரங்கத்தில்
பாறைத்தூளை உள்ளே இழுத்தவன் என் தம்பி.
டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது
நுரையீரல் இருக்கவேண்டிய இடத்தில்
பனி விழுந்த வயல் மாதிரி இருந்தது.
தங்கம் ஒரு பொட்டுகூட இல்லை.

நான் ஏரியில் டிரவுட் மீன் வளர்க்கிறேன்.
முப்பத்திரண்டு கூண்டுகள்.
தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் என்று
விடியலிலும் மதியத்திலும் பொழுது சாயும்போதும்
மீட்டரை இறக்கிப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை.
ஆறு புள்ளி நான்கு என்றால் நல்ல நாள்.
ஐந்து என்றால் தீவனத்தை நிறுத்துவேன்.
நான்குக்குக் கீழே இறங்கினால்
யாரையும் கேட்காமல் காற்றுப் பம்பைப் போடுவேன்.
தண்ணீருக்குள் இருக்கும் காற்றைப் பற்றி
இந்தக் கரையில் என்னிடம் யாரும் கதை அளக்க முடியாது.

ஆகவே ஒரு புட்டியைத் திறந்து ஜாடியில் ஊற்றி
மீட்டரை விட்டேன்.
முப்பத்தொன்று.
ஜெயித்தவன் போல என்னைப் பார்த்தான்.
பொறு என்றேன். கரண்டியால் கலக்கினேன்.
இருபத்திரண்டு. பதினாறு.
உருளைக்கிழங்கு வெந்து முடியும்போது பத்து.
குமிழிகள் விளிம்பில் ஏறி,
சாப்பிட்டதும் சொல்லாமல் கிளம்பும் விருந்தாளிகள் மாதிரி,
போய்க்கொண்டே இருந்தன.

"நமக்குச் செவுள் இல்லை, ருஃபினோ.
குடல் மூச்சு விடாது.
நீ இழுக்கும் ஒரே ஒரு மூச்சில்,
இந்த ஒல்லிக் காற்றில்கூட,
இந்தப் புட்டியில் இருப்பதைவிட அதிகம்.
மிச்சமெல்லாம் ஏப்பம்."

"நல்லா தண்ணி காட்டியிருக்கான்," என்று சிரித்தான்.
சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாகி,
உருளைக்கிழங்கு ஆறிப்போனது.

பிறகு ஜாடியைத் தூக்கி முழுவதையும் குடித்தான்.
ஏன் என்றேன்.
"குடிக்க உட்காரணும் இல்லையா.
உட்கார்ந்தா கொஞ்சம் நல்லா இருக்கு.
அந்த மருந்துக்கடைப் பொண்ணு நாற்காலி போட்டுச்சு.
சுரங்கத்துலயும் சரி, கிளினிக்லயும் சரி,
உட்காருன்னு யாரும் சொன்னதில்லை."

அதற்கு என் மீட்டரில் எண் இல்லை.

போன மார்ச்சில் ஏரியில் பாசி பூத்தது.
விடியலில் மூன்று புள்ளி ஒன்று.
மீன்களெல்லாம் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின.
பம்பைப் போட்டேன். பாதி பிழைத்தன.
வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம்
தம்பியும் அதே மாதிரி.
என் கை தானாகச் சுவரில் ஸ்விட்சைத் தேடியது.
விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

சிலிண்டருக்கு எழுதிப்போட்டிருக்கிறோம்.
வரிசையில் நாற்பத்து மூன்றாவது.
நேற்று நாற்பத்தொன்று என்றார்கள்.
முன்னால் இருந்த இரண்டு பேருக்கு என்ன ஆனது என்று
நான் கேட்கவில்லை.

ஐந்து புட்டிகள் மிச்சம்.
கடையில் திரும்ப எடுக்கமாட்டார்களாம்.
ஞாயிறுதோறும் ஒன்றைத் திறக்கிறோம்,
படிக்கட்டின் பாதியில், ஏரி தெரிகிற இடத்தில்,
அவனுக்கு நாற்காலி போட்டு.
எனக்கும் ஒரு வாய் தருகிறான்.
வெறும் தண்ணீர்தான்.
ஜில்லென்று இருக்கிறது.